சாக்கில் போன கொப்பிகள்

அன்பு மகள் றிஃப்னாவுக்கு, அஸ்ஸலாமு அலைக்கும். நீயும் மருமகனும் பிள்ளைகளும் அல்லாஹ்வின் காவலில் சுகமாயிருக்க வேண்டும். என்னைக் கேட்டால், பிரஷர் குளிசை மூன்றாகிவிட்டது, முழங்கால் தொழுகையில் மடங்க மாட்டேன் என்கிறது, மற்றப்படி மூச்சு போய் வருகிறது. கரைத்தீவில் மழை விட்டாலும் முற்றத்தில் ஈரம் காயவில்லை. உன் முகத்தைப் பார்த்துக்கொண்டு போனில் சொல்ல எனக்கு வாய் வராத ஒரு கதை இருக்கிறது. அதனால்தான் எழுதி, மெல்பேர்ன் திரும்பும் உன் சாச்சி மகன் அஸ்மின் கையில் கொடுத்து விடுகிறேன்.

‘கொட்டில்’ கையெழுத்து இதழ்களைப் படம் எடுத்து அனுப்பச் சொல்லி இரண்டு மாதமாகக் கேட்கிறாய், நானும் நாளைக்கு நாளைக்கு என்று கடத்தினேன். அவை இல்லை மகள். இருபத்தொரு கொப்பியும் போய்விட்டன. நீ அகதி முகாமில் பிறந்த பிள்ளை, ஆனாலும் உனக்கு அது நினைவிருக்காது. தொண்ணூறில் இயக்கம் விரட்ட, எருக்கலம்பிட்டியை விட்டு உடுத்த உடுப்போடு வந்த சனம், ஒரு கட்சியிடமும் ஒரு நிறுவனத்திடமும் கை நீட்டாமல், தானே நாடகம் போட்டது, தானே பாட்டுக் கட்டியது, தன் கதையைத் தானே எழுதியது. அத்தனையையும் உன் உம்மாதான் கொப்பியில் எழுதினா. இதழுக்கு ஒரே பிரதி, அது கொட்டில் கொட்டிலாகக் கைமாறும். பிறகு ஊர் இளைஞன் ஃபாஹிமும் கூட்டாளிமாரும் மத்ரஸாவுக்குப் பக்கத்து அறையில் ஊர் ஆவணங்களைச் சேர்க்கத் தொடங்கியபோது முதலில் வைத்தது அவற்றைத்தான்.

கார்த்திகை வெள்ளம் அந்த அறைக்குள் வந்தது. கொப்பிகளை வீட்டுக்குக் கொண்டு வந்து விறாந்தையில் காயவைத்து ஒரு சாக்கில் கட்டினேன். பக்கத்திலேயே கிழிந்த குர்ஆன் தாள்களும் ஆயத்து வசனம் அச்சடித்த பழைய கலண்டர்களும் கட்டிய சாக்கு. நோன்புக்கு முன் பள்ளிவாசலில் இவற்றைச் சேர்த்து, கால் படாத இடமாக மையவாடி மூலையில் அடக்குவது உனக்குத் தெரியும்தானே. பாங்கு சொல்லும் மோதினார் உசனார் அதற்காகத்தான் வந்தார். இரண்டு சாக்கையும் அவிழ்த்துப் பார்த்தார். உம்மா ஒவ்வொரு இதழின் தலையிலும் அரபியில் பிஸ்மில்லாஹ் எழுதியிருப்பா. மனிசனுக்கு ஓதத் தெரியும், தமிழ் வாசிக்கத் தெரியாது. மேல பிஸ்மில்லா ஈக்கிது, கீழ தமிழ் ஈக்கிது, இதையும் கொண்டு போறதா மச்சான் என்று கேட்டார். நான் கதிரையில் சாய்ந்தபடி, கண்ணைத் திறக்காமல், ஓம் ஓம் எல்லாத்தையும் கொண்டு போங்க என்றேன்.

குளிசை மயக்கம் என்று உனக்குச் சொல்லலாம். அது முழு உண்மை இல்லை. உம்மா மௌத்தாகி நாலு வருடமாக அந்த அறைக்கு நான்தான் காவல். கறையான் மருந்து அடிப்பது, ஆராய்ச்சி என்று வரும் பிள்ளைகளுக்குத் தேத்தண்ணி கொடுப்பது, இழந்த கதையைத் திரும்பத் திரும்பச் சொல்வது. அலுத்துவிட்டது மகள். சாக்கு வாசலைத் தாண்டியபோது தலைச்சுமை இறங்கியது போல இருந்தது. அது எந்தச் சாக்கு என்று அஸர் தொழுது வந்த பிறகுதான் உறைத்தது. அப்போதே ஓடிப்போய்ச் சொல்லியிருந்தால் காப்பாற்றியிருக்கலாம். வெட்கத்தில் எட்டு நாள் வாயை மூடிக்கொண்டிருந்தேன். இடையில் மழையும் பெய்தது.

ஃபாஹிம் அலுமாரியைத் திறந்து தேடியபோதுதான் ஊருக்குத் தெரிந்தது. பள்ளிவாசல் லெப்பையிடம் கேட்டுக் குழியைத் தோண்டினார்கள். இரண்டடியில் களப்புத் தண்ணீர் ஊறிவிட்டது. தூக்கிய சாக்குக்குள் எல்லாம் பாணுக்குக் குழைத்த மாவாகக் கிடந்தது. உம்மா மைப் பேனையால்தானே எழுதுவா, ஒரு எழுத்தும் மிஞ்சவில்லை. பிறகு பள்ளிவாசலில் கூடிய கூட்டத்தில் ஃபாஹிம், வாசிக்கத் தெரியாத ஆளை அனுப்பினா இப்பிடித்தான் என்று எல்லோர் முன்னும் உசனாரைக் கிழித்துவிட்டான். பள்ளி வேலையிலிருந்தும் நிற்பாட்ட வேணும் என்றார்கள். உசனார் என்னை ஒரு தரம் பார்த்தார். பிறகு தலையைக் குனிந்து, ஓம் தம்பி, நான்தான் பாக்காம எடுத்துட்டன் என்றார். முகாம் நாடகங்களுக்கெல்லாம் பாட்டுக் கட்டினது அந்த மனிசன், அவர் பாடப் பாட உம்மா எழுதினா, அவருடையதும்தான் அந்தக் குழிக்குள் போனது. நான் பக்கத்துக் கதிரையில் கல்லுப் போல இருந்தேன். அன்றிலிருந்து அவர் பாங்கு சொன்னதும் யாரோடும் கதைக்காமல் வீட்டுக்குப் போகிறார். அந்தப் பாங்குக்கு எழும்பவே எனக்குக் கூச்சமாயிருக்கிறது.

இது உன் கைக்குக் கிடைத்த பிறகு வரும் வெள்ளிக்கிழமை, ஜும்ஆ முடிந்ததும் எழும்பிச் சொல்லப் போகிறேன். ஃபாஹிம் என்னோடு கதைக்காமல் விடலாம், விடட்டும். ஆனால் அது உன் உம்மாவின் கையெழுத்து. ஊருக்கு முன் உனக்குத்தான் சொல்ல வேண்டும்.

பிள்ளைகளுக்கு என் முத்தங்கள். மருமகனுக்கு சலாம் சொல். குளிரில் தலைக்கு ஏதாவது கட்டாமல் வெளியே போகாதே. அல்லாஹ் உங்கள் எல்லோருக்கும் பரக்கத் செய்வானாக. ஒன்று மட்டும் மறக்காதே மகள். உம்மா உனக்கு எழுதிய கடிதங்கள் உன்னிடம் இருக்கும், அவ கையெழுத்தில் இனி மிச்சம் அவைதான். அவற்றை அறைக்குக் கொடுக்கச் சொல்லி ஃபாஹிம் கேட்பான், நானும் ஒருநாள் ஆசையில் கேட்டுவிடுவேன். அனுப்பாதே. நான் கேட்டாலும் அனுப்பாதே.

இப்படிக்கு,
உன் வாப்பா,
அலியார்