துபாய்க்கு வந்த குடை

அன்புள்ள கெத்தரின்,

நம்மைக் கேட்காமல் மகன் கட்டிக்கொண்ட சந்துனியின் பேரை எடுத்தாலே நீ போனை வைத்துவிடுகிறாய். அதனால்தான் இதை எழுதி, நாளை மாத்தளைக்கு வருகிற ஒருவரிடம் கொடுத்தனுப்புகிறேன்.

துபாய் பெரிய ஊர்தான். மேகத்தைத் தொடும் கட்டடம் ஒன்றில் ஏற்றினார்கள், எனக்குத் தலை சுற்றியது. பாலைவனத்துக்குக் குடை கொண்டுவந்தேன் என்று ஜெயகாந்த் விமான நிலையத்திலேயே சிரித்தான். நீதானே பையில் திணித்தாய்!

நேற்று கடற்கரைக்குப் போனோம். மணல் செருப்பையும் மீறிச் சுட்டது. சந்துனி அந்தக் குடையை விரித்து என் தலைக்கு மேலே பிடித்தாள். "மாமா, மெதுவா வாங்க" என்றாள். தமிழை ஜெயகாந்திடம் படித்தாளாம். அவள் வெயிலில்தான் நடந்தாள்.

நீ சொன்னபடி நான் முகங்கொடுத்துப் பேசவில்லை, முதல் அலை வரும்வரை. பயத்தில் அவள் கையைப் பிடித்துக்கொண்டேன். பிறகு விடவில்லை.

அவள் ஊரான நாலந்தாவிலிருந்து நம் வீட்டுக்கு பஸ்ஸில் முக்கால் மணிநேரம். அந்தச் சிங்களப் பிள்ளையைப் பார்க்க நான் கடல் தாண்டிப் பறக்க வேண்டியிருந்தது.

குடையை அவளிடமே கொடுத்துவிட்டேன். ஏப்ரலில் இருவரும் வரும்போது அவளே கொண்டுவந்து தருவாள். வாசலிலேயே வாங்கிக்கொண்டு அனுப்பிவிடாதே.

உன் வீட்டுக்காரன்