மனுக் கொடுக்காதவர்கள்

யமகத்தா, அக்டோபர் 9

அன்பு மகள் சிகுசாவுக்கு அம்மா எழுதிக்கொண்டது. இங்கே நான் சுகம், வலது முட்டி மட்டும் குளிர் வரப்போவதை எனக்கு முன்னாலேயே தெரிந்துகொண்டு முனகுகிறது, மற்றபடி ஒரு குறையுமில்லை. நீயும் ஃபுகுவோகாவில் வேளாவேளைக்குச் சாப்பிட்டு நன்றாக இருக்கிறாய் என்று நம்பித்தான் எழுதுகிறேன், இல்லையென்றால் சொல்லிவிடு, பொய் சொல்லாதே. பக்கத்து வீட்டு ஹிரானோ தாத்தா நேற்றே ஏணியை வெளியே எடுத்துத் துடைக்கிறார். எண்பத்தொரு வயது. இன்னும் ஒரு பொட்டுப் பனி விழலையே, அதுக்குள்ள என்ன தாத்தா அவசரம் என்று கேட்டேன். விழட்டும்மா, நான் ரெடி என்கிறார். உன் அப்பா கூரைப் பனியைத் தள்ளப் போய்ச் சறுக்கி விழுந்து வருகிற ஜனவரியோடு மூன்று வருஷம், இந்த ஊர் இன்னும் ஏணியைத்தான் துடைத்துக்கொண்டிருக்கிறது.

உன் கடிதத்தை இரண்டு தடவை படித்தேன். இனிமே எவனுக்காகவும் எழுத மாட்டேன், என் ஆராய்ச்சி இனி ஆய்வு இதழ்களுக்கு மட்டும்தான் என்று எழுதியிருக்கிறாய். கோபம் நியாயம்தான், ஆனால் அடி அம்மா, அதைக் கொஞ்சம் இறக்கி வைத்துவிட்டு நான் சொல்வதைக் கேள். ஆகஸ்டில் நீ வந்து நகராட்சிக் குழுவின் முன்னால் படம் போட்டுப் பேசினாயே, பனி தள்ளும்போது செத்த இருபத்திமூன்று பேரில் பத்தொன்பது பேர் எழுபத்தைந்தைத் தாண்டியவர்கள், அந்தப் பத்தொன்பது பேரில் ஒருவர்கூட நகராட்சி ஆள் அனுப்பச் சொல்லி மனுக் கொடுக்கவில்லை என்று. பின்வரிசையில் உட்கார்ந்திருந்த எனக்கு அன்றைக்குப் பெருமை தாங்கவில்லை. ஆனால் எந்தக் கிராமத்தில் எத்தனை பேர் என்ற படம் வந்ததும் பனிப் பிரிவுத் தலைவர் குராமோச்சியின் கழுத்து சிவந்துபோனதை நான் பார்த்தேன், நீ பார்க்கவில்லை. நன்றாகப் பரிசீலிக்கிறோம் என்று அவர் எழுந்து சொன்னபோதே விஷயம் அலமாரிக்குப் போய்விட்டது என்று எனக்குத் தெரிந்துவிட்டது. முப்பத்தொரு வருஷம் அந்த ஆபீஸில் குப்பை கொட்டியவள், எனக்குத் தெரியாதா. பேராசிரியர்கள் அனுப்பிய அறிக்கைகளுக்கு வரவு முத்திரை குத்தி ஜன்னலோரத்து மூன்றாவது அலமாரியில் அடுக்கியவளே நான்தான். யாரும் கெட்டவர்கள் இல்லையடி. அறிக்கை மார்ச்சில் வரும், ஏப்ரலில் பாதிப் பேருக்கு வேறு பிரிவுக்கு மாற்றல். இருநூறு பக்கம் இருக்கும், எந்த விதியில் எந்த வரியை மாற்ற வேண்டும் என்று மட்டும் எங்கேயும் இருக்காது. வாசலில் வந்து நின்றுவிட்டுப் பேர் சொல்லாமல் போன விருந்தாளி மாதிரி. எங்களுக்கு என்ன செய்வது என்று தெரியாது, அடுக்கிவிடுவோம்.

போன ஞாயிறு ஆற்றங்கரையில் எங்கள் தெருவின் சேப்பங்கிழங்கு விருந்து. பெரிய பானைக்கு நான்தான் பொறுப்பு, மாட்டிறைச்சியும் வெங்காயத்தாளும் போட்டு நன்றாகவே வந்தது. குராமோச்சி கிண்ணத்தை நீட்டிக்கொண்டு வந்தார். அறிக்கையைப் பற்றி நான் வாயே திறக்கவில்லை, கிழங்கை மட்டும் இரண்டு அதிகம் போட்டேன். அவரே ஆரம்பித்தார். அக்கா, உங்க பொண்ணு சொன்னது தப்புன்னு நான் சொன்னேனா, ஆனா மேயர் பக்கத்துல உட்கார்ந்திருக்கும்போது முதல் தடவையா அதைக் கேட்டா நான் மூஞ்சிய எங்க கொண்டுபோய் வச்சுக்கறது, நான் பொறந்த ஊருதான் லிஸ்ட்ல முதல்ல, ஒரு வாரம் முன்னாடி என் மேசைக்கு வந்து ஒரு டீ குடிச்சிட்டுக் காட்டியிருந்தா நானே எழுந்து நின்னு சொல்லியிருப்பேனே என்றார். பார்த்தாயா. ஒவ்வொரு மேசையாக முன்கூட்டியே போய்த் தலை குனிந்து காட்டிவிட்டு வராமல் இந்த நாட்டில் எந்தக் கூட்டத்தில் எது நடந்திருக்கிறது. இதைப் பார்த்து வளர்ந்தவள் நீ, பல்கலைக்கழகம் போனதும் மறந்துவிட்டாய். அப்புறம் அவர் குரலைத் தாழ்த்திச் சொன்னார், டிசம்பர் கூட்டத்துக்கு வரைவு இந்த மாசக் கடைசிக்குள்ள போகணும், ஒரே ஒரு பக்கம் குடுக்கச் சொல்லுங்க, மனுக் கொடுத்தவங்களுக்கு ஆள் அனுப்புறதுங்கறதை, வேண்டாம்னு சொல்லாத எல்லாருக்கும் அனுப்புறதுன்னு மாத்தணும், அவ்வளவுதானே, ஆனா மேயர் ஒண்ணு கேப்பார், திட்டம்தான் இருக்கே, அந்தக் கிழவங்க ஏன் மனுக் குடுக்கலேன்னு, அதுக்கு என்கிட்ட பதில் இல்லக்கா என்றார்.

என்னிடம் இருக்கிறது. வீட்டுக்கு வந்து இரண்டு நாள் யோசித்துத்தான் இதை எழுதுகிறேன். இப்படி ஒரு திட்டம் இருப்பதாக அப்பாவுக்கு யாரும் தகவலே சொல்லவில்லை என்று மூன்று வருஷமாக நீ நகராட்சியைத் திட்டிக்கொண்டிருக்கிறாய். நான் சும்மா கேட்டுக்கொண்டிருந்தேன், அது என் தப்பு. படிவம் வீட்டுக்கு வந்தது சிகுசா. நான்தான் வாங்கிவந்தேன், பேர், வயது, கூரை அளவு எல்லாம் என் கையாலேயே நிரப்பினேன். கையெழுத்துக்கு அவர் பெயர் முத்திரையைக் குத்த வேண்டியதுதான் பாக்கி, அப்பா குத்த மாட்டேன் என்றார். நீ வேலை பாத்த ஆபீஸ் பசங்க வந்து என் கூரையை வழிக்கணுமா, நாலு பேர் பாத்தா என்ன நினைப்பாங்க என்றார். நான் சண்டை போட்டிருக்கலாம், போடவில்லை. அந்தப் பசங்கள் எதிரில் நிற்க எனக்கும்தான் கூச்சமாக இருந்தது. பன்னிரண்டு நாள் கழித்து வெயில் அடித்த காலையில் அவர் மேலே ஏறினார். உன் கணக்கில் அவரும் பத்தொன்பதில் ஒருவர், ஏன் என்று மட்டும் உனக்குத் தெரியாது, இப்போது தெரியும். கேட்டால் கொடுப்பார்கள் என்பது எல்லாருக்கும் தெரியும். கேட்கத்தான் முடியாது. ஹிரானோ தாத்தாவாலும் முடியாது.

அழாதே, அழுதால் சாப்பிட்டுவிட்டு அழு. இது நடக்கும், எனக்குக் கொஞ்சமும் சந்தேகமில்லை. இருபதாம் தேதிக்குள் வா, முதலில் குராமோச்சியின் மேசைக்குப் போ, ஃபுகுவோகா இனிப்புப் பெட்டி ஒன்று கொண்டு வா, கிராமப் பெயர்களை எடுத்துவிடு, அதை அவர் தன் யோசனை என்று சொன்னால் சொல்லட்டும், நீ வாயைத் திறக்காதே. மேயர் எதிரில் ஏன் என்ற கேள்வி வந்தால் பதில் சொல்ல நான் வருகிறேன், அப்பா பேரைத் தாராளமாகப் போட்டுக்கொள். அந்தப் படிவத்தை இதோடு வைத்திருக்கிறேன். முத்திரைக் கட்டம் காலியாக இருக்கிறது, அதைத்தான் அவர்கள் பார்க்க வேண்டும். நீ நோய்நொடியில்லாமல் நீண்ட நாள் நன்றாக இருக்க வேண்டும். குளிருக்குக் கழுத்தைச் சுற்றிக்கொண்டு வா.

இப்படிக்கு,
முப்பத்தொரு வருஷம் எல்லார் காகிதத்திலும் முத்திரை குத்திவிட்டு, வீட்டுக் காகிதத்தில் குத்த வைக்கத் தெரியாத உன் அம்மா,
தோமியே