முப்பத்திரண்டு அல்ல, இருபத்தொன்று

ஆகஸ்ட் 6, புதன். பிபிலை.

மண்டையைப் பிளக்கும் வெயில். பதுளைக்கு டிக்கட் எடுத்துவிட்டு நாலரைக்கு இங்கேயே இறங்கிவிட்டேன். கொண்டக்டருக்கு ஒன்றும் புரியவில்லை. "என்ன தங்கச்சி, பாதியில எறங்குறீங்க?" என்ன சொல்ல. காலையில் கடலுக்கடியில் முப்பது மீட்டரில் இருந்த உடம்பு, இன்றைக்கே மலை ஏறக்கூடாது. கையில் கட்டியிருக்கும் டைவ் கொம்பியூட்டரில் (நாங்கள் வாட்ச் என்றுதான் சொல்வது) குட்டி விமானப் படம், பக்கத்தில் 17 மணி நேரம். அது மறையும்வரை விமானமும் ஆகாது, மலைமேல் இருக்கும் அப்புத்தளை வீடும் ஆகாது. இரத்தத்தில் மிச்சமிருக்கும் நைட்ரஜன் குமிழியாகிவிடும்.

அம்மாவிடம் போனில் சொன்னேன். "பஸ்ஸுல வர்றவளுக்கு பிளேன் படம் எதுக்குடி?" தோட்டத்தில் பிறந்து கடலில் வேலை பார்ப்பவளுக்கென்றே ஒரு தொல்லை.

சாப்பாட்டுக் கடைக்குப் பின்னால் அறை. ஃபேன் சுற்றுகிறது, காற்று வரவில்லை. நாளைக்கு ஆளுக்கொரு கதை சொல்வார்கள். நடந்ததை இப்போதே எழுதி வைக்கிறேன்.

- நான் வேலை பார்க்கும் டைவ் கடைக்கு வந்த ஆறு வெள்ளைக்காரர்கள். நைட்ரொக்ஸுக்கென்று (ஒக்சிஜன் கூட்டிய காற்று) தனியாகக் காசு கட்டியவர்கள். சிலிண்டரில் ஸ்டிக்கர்: 32. அதாவது நூற்றுக்கு முப்பத்திரண்டு பங்கு ஒக்சிஜன்.
- ஒக்சிஜன் மீட்டர் வைத்துப் பார்த்தேன். 21. அடுத்தது, 21. ஆறும் 21. நாம் மூக்கால் இழுக்கிற அதே காற்று!
- மீட்டரை வெளிக்காற்றில் பிடித்துச் சரிபார்த்தேன். மூன்று தடவை. மீட்டரில் பிழை இல்லை.
- கலவை மெஷின் பழுது, ஒரு வாரமாக. பொஸ் மூச்சுவிடவில்லை.
- ஆறு பேருக்கும் கடை கொடுத்த வாட்சிலும் 32ஐ அழித்து 21 போட்டேன்.

போடாமல்? வாட்சுக்கு 32 என்று பொய் சொன்னால், உடம்பில் நைட்ரஜன் குறைவாக ஏறுகிறது என்று அது நம்பிவிடும். இன்னும் நேரமிருக்கிறது, இரு, இரு என்று ஆளைக் கீழேயே வைத்திருக்கும். மேலே வந்த பிறகு கை கால் விழும். சாகவும் கூடும்.

டைவ் முடிந்து திரும்பும்போது படகில் ஒரு அம்மணி தன் வாட்சைப் பார்த்து, ஏன் 21 என்று கேட்டார். உள்ளதைச் சொன்னேன். ஆறு பேரும் காசைத் திருப்பிக் கேட்டார்கள். பதினொரு மணிக்கு என் வேலை போயிற்று.

"ஒன்ன யாரு மீட்டர் வைக்கச் சொன்னது?" பொஸ் கேட்ட ஒரே கேள்வி. நல்ல கேள்வி!


ஆக. 7, வியாழன். வீடு.

வாட்சில் விமானப் படம் 10.10க்கு மறைந்தது. 10.30 பஸ். லுணுகலை, பசறை, பதுளையில் மாறி, பண்டாரவளை. அப்புத்தளையில் இறங்கியதும் காற்று ஆளைத் தூக்குகிறது. அண்ணனின் த்ரீவீலில் தோட்டத்து லயத்துக்கு, எங்கள் வரிசை வீடுகளுக்கு.

லயத்தில் சிக்னல் கிடையாது. ஏழாம் நம்பர் மலையில், தண்ணித்தாங்கி வளைவுக்கு ஏறினால் மூன்று கோடு. ஏறினேன். பொஸ்ஸின் செய்தி காத்திருந்தது.

கடிதம் வேண்டுமாம். 'மீட்டரைச் சரிபார்க்காமல் தவறாக வாசித்துவிட்டேன்' என்று என் கையெழுத்தோடு. திங்கட்கிழமைக்குள் வந்தால் திரும்ப வேலை, அதோடு நான் அங்கே மூன்று வருடம் டைவ் பண்ணியதற்கு அத்தாட்சி. வராவிட்டால் அத்தாட்சி இல்லை, கரை முழுக்க என் பேர் நாறும்.

அந்த அத்தாட்சி இல்லாமல் ஒக்டோபரில் இன்ஸ்ட்ரக்டர் பரீட்சை எழுத முடியாது. ஹோட்டல் குசினியில் வெங்காயம் உரிக்கப் போனவள் நான். நீச்சல் பழகி, இங்கிலீஷ் பழகி, இங்கே வந்து நிற்கிறேன். அது அவனுக்கும் தெரியும். பிடிக்க வேண்டிய இடம் பார்த்துத்தான் பிடித்திருக்கிறான்.

மாட்டேன்.


ஆக. 8, வெள்ளி.

பனி. துணி காயவில்லை. தலையிடி.

காலையில் அண்ணன். "ஒரு கையெழுத்துதானே? போட்டுட்டு வேலையப் பாரேன். ஒனக்கு எதுக்கு இந்த வீம்பு?"

வீம்பாம். ஆமாம், வீம்புதான். வேறென்ன இருக்கிறது என்னிடம்?

அம்மா பறித்த கொழுந்தைத் தராசில் நிறுத்துக் கொடுத்துவிட்டு வந்து, காலைக்கூடக் கழுவாமல் ஆரம்பித்தார். "முப்பது வருசமா தண்ணி கழிவுன்னு ரெண்டு கிலோ கழிக்கிறாங்க. நான் ஒரு நா வாயத் தொறந்திருப்பேனா?"

"அதாம்மா இன்னும் கழிக்கிறாங்க."

சொல்லியிருக்கக் கூடாது. அம்மா ரொட்டியைத் தட்டில் வைத்த சத்தத்தில் எல்லாம் இருந்தது. மன்னிப்புக் கேட்கப் போய், கேட்காமல் திரும்பிவிட்டேன். என் வாய்க்கு ஒரு பூட்டு வாங்க வேண்டும்.

வாங்க: சவர்க்காரம், மெழுகுவத்தி, பெனடோல்.


ஆக. 9, சனி.

தண்ணித்தாங்கியில் மாலை நான்கு மணி. படகோட்டி நிஸாம் நானாவிடமிருந்து (முஸ்லிம் அண்ணன்மாரை அப்படித்தான் கூப்பிடுவது) அழைப்பு. மூன்று வருடம் என்னைக் கடலில் இறக்கி ஏற்றிய மனுஷன். குரலை இறக்கிப் பேசினார்.

"புள்ள, நாளைக்குப் புதுசா ஆறு பேர் வாறாங்க. கப்பல் முறிஞ்சு கெடக்கிற எடத்துக்குப் போறாங்களாம். மெஷின் இன்னும் மூடித்தான் கெடக்கு. ஸ்டிக்கர் மட்டும் ஒட்டியாச்சு."

"வாட்ச் எல்லாம்?"

"முப்பத்திரண்டுதான். கொழும்பால வந்த புது கைட் வெச்சிட்டார். பொஸ் என்ன சொன்னாலும் அவர் தலையாட்டுறார்."

பொஸ்ஸுக்கே போன் எடுத்தேன். "அந்த ஆளுங்க செத்துப் போவாங்க" என்றேன், இதே வார்த்தையில். "நீ லெட்டர அனுப்பு. மத்தத நான் பாத்துக்கிறேன்" என்று வைத்துவிட்டான். அடுத்த அழைப்பை எடுக்கவில்லை. வந்திருப்பவர்களின் நம்பர் என்னிடம் இல்லை. நானாவுக்கு இங்கிலீஷ் வராது. யாரிடம் புகார் சொன்னாலும் விடிவதற்குள் ஒன்றும் நகராது.

நானாவிடம் கேட்டேன், வாட்ச் பெட்டியைப் படகுக்குக் கொண்டு போவது யார்?

"நான்தான்."

அப்போ சரி.


ஆக. 10, ஞாயிறு.

காலை ஆறே கால். காற்றென்றால் காற்று, தேயிலைச் செடியெல்லாம் படுத்துக் கிடக்கிறது. தண்ணித்தாங்கிச் சுவரோடு ஒட்டி உட்கார்ந்தேன். என் வாட்சும் அந்த ஆறும் ஒரே கம்பனி. நான் என்னுடையதை அமுக்கிப் பார்த்துச் சொல்ல வேண்டும், நானா அங்கே அமுக்க வேண்டும். விருந்தாளிகள் ஏழு மணிக்குப் படகேறுவார்கள்.

"கீழ் இடது பட்டனை அமுக்கிப் புடிங்க நானா. விடாதீங்க. எழுத்து மாறிச்சா?"

"மாறிட்டு."

"ஒரு பெரிய வட்டமும் பக்கத்துல சின்னதா ரெண்டுன்னு நம்பரும் போட்டிருக்கிற எடம் வர்ற வரைக்கும் கீழ போங்க. அங்க முப்பத்திரண்டு இருக்கும். ஒவ்வொண்ணா குறைங்க, பதினோரு தடவ."

அவர் சத்தமாக எண்ணினார். முப்பத்தொண்டு. முப்பது. கடல் இரைச்சலுக்கு நடுவில் அந்தக் குரல். எனக்கு வேர்த்துவிட்டது, அந்தக் குளிரில்.

மூன்றாவது வாட்சில் சிக்னல் அறுந்தது.

அப்போதுதான் உறைத்தது. கடைசியில் வலது பட்டனை நீளமாக அமுக்கினால்தான் அது பதியும் என்று சொல்லவே இல்லை! அமுக்காவிட்டால் பழையபடி 32க்கே போய்விடும். எல்லாம் முடித்ததாக நினைத்துக்கொண்டு மனுஷன் பெட்டியை மூடிவிடுவார். எடுக்கிறேன், எடுக்கிறேன், போகவில்லை. கெட்ட வார்த்தை எல்லாம் சொன்னேன்.

பின்னால் அம்மா. கையில் என் ஸ்வெட்டர். எவ்வளவு நேரமாக நின்றாரோ. "கல்லு மேல ஏறு. நாங்க அங்கதான் ஏறிப் பேசுவோம்." ஏறினேன். காற்றில் கால் நிற்கவில்லை. அம்மா என் இரண்டு முட்டியையும் கட்டிப் பிடித்துக்கொண்டார்.

கிடைத்தது. 6.48.

"நானா! நீளமா அமுக்கணும்! வலது பக்கம்! இல்லன்னா பதியாது!"

"அல்லாவே. மூணையும் திரும்ப செய்யணுமா?"

"மூணையும்."

செய்தார். ஆறாவது முடிந்தபோது 6.59. பின்னால் யாரோ இங்கிலீஷில் குட்மோர்னிங் சொல்வது கேட்டது. போன் அறுந்தது.

அம்மா முட்டியை விடவில்லை. "எத்தன பேருடி?" ஆறு பேர் என்றேன். "புள்ளகுட்டிக்காரங்களா?" தெரியாது என்றேன்.

பத்தே முக்கால், அதே கல்லில், நானா: "எல்லாரும் மேல வந்துட்டாங்க புள்ள. வாட்சு நேரத்துக்கு முன்னயே ஏறச் சொல்லிட்டாம். கைட் முழிக்கிறார். பொஸ் பெட்டியத் தொறந்து பாத்துட்டான். ஆர் மாத்தினதெண்டு கத்துறான்."

"என்ன சொன்னீங்க?"

"எனக்கு வாட்ச் பாக்கவே தெரியாதெண்டு சொன்னன்."

சிரித்தேன். பிறகு கல்லிலேயே உட்கார்ந்து அழுதேன். பகலில் இரண்டு மணி நேரம் தூங்கினேன்.


ஆக. 11, திங்கள்.

வெயில், ஆனாலும் காற்று விடவில்லை. துணி காய்ந்துவிட்டது.

நேற்று மாலையே பொஸ்ஸின் செய்தி. இன்றைக்குள் கடிதம் வராவிட்டால் நிஸாமுக்கும் வேலை போகும், வாட்சில் கை வைத்தது அவன்தான் என்று. நானாவுக்கு மூன்று பிள்ளைகள். அவருக்குப் போன் எடுத்துப் பேசினேன். "என்ட பேரையும் எழுது புள்ள, பயமில்ல" என்கிறார். பயமில்லையாம்.

கடிதத்தை இன்றைக்கே ஸ்கேன் பண்ணி அனுப்ப அப்புத்தளைக்குப் போகவேண்டும், அண்ணன் த்ரீவீலோடு காத்திருந்தான். கடிதம் எழுதினேன். பொஸ்ஸுக்கு ஒன்று, எனக்கு டைவ் சான்றிதழ் தந்த சங்கத்துக்கு ஒன்று. எழுதும்போது பரீட்சை ஞாபகம் வந்தது. மூன்று வருடம்.

அம்மா இன்றைக்குப் பெரட்டுக்கு, காலை ஆள் கணக்கெடுப்புக்கு, போகவில்லை. வாசலில் நின்றார். "வாசிச்சுக் காட்டு."

வாசித்தேன்.

'மீட்டரை நான் சரிபார்த்தேன். சரியாகவே வாசித்தேன். சிலிண்டரில் இருந்தது வெறும் காற்று. வாட்ச்களில் 32ஐ 21 ஆக்கியது நான். புதன்கிழமையும் நான், ஞாயிற்றுக்கிழமையும் நான் சொல்லித்தான். படகில் வேலை செய்பவர் நான் சொன்னதை மட்டுமே செய்தார், அதற்கும் பொறுப்பு நானே. இனியும் செய்வேன்.'

அண்ணன் தலையில் கை வைத்துக்கொண்டான். அம்மா வாசற்படியில் உட்கார்ந்தார்.

"கடைசியில என்னமோ சொன்னியே, அது வேணுமாடி?"

"வேணும்மா."

"அப்ப அத இன்னும் கொஞ்சம் பெருசா எழுது. அவனுக்குக் கண்ணு சரியில்ல போல."