பத்திரத்தில் ஏறாத தங்கச்சி

அக்கா,

கையெல்லாம் மங்குஸ்தான் கறை. சோப்புப் போட்டுத் தேய்த்தும் போகவில்லை. உங்கள் தோப்புப் பழம்தான். ஆனால் இப்போது உங்கள் தங்கையின் தோப்பு. இன்று காலை பெங்களூரிலிருந்து வந்தவள், குற்றாலத்தில் இறங்கித் தோப்பைப் பார்த்துவிட்டு, ஒரு பை நிறையப் பழம் கொண்டுவந்து கொடுத்தாள். பழம் தித்திப்பாக இருந்தது. அதுவும் எனக்கு எரிச்சலாகத்தான் இருந்தது.

உங்கள் வீட்டின் கீழ்ப் பகுதிக்குத் தையல் மெஷினோடு குடிவந்தவள் நான். வேளைக்கு மாத்திரை எடுத்துக் கொடுத்தது, முட்டு வலிக்குத் தைலம் தேய்த்தது, சாரல் விழுந்தால் ஐந்தருவிக்கு ஆட்டோ பிடித்துக் கூட்டிப்போனது எல்லாம் நான். சீசனுக்கு மட்டும் வந்து குளித்துவிட்டு, அல்வா வாங்கிக்கொண்டு போனவள் அவள். ஆனால் அவள் வருகிறாள் என்று போன் வந்தால் போதும், உங்களுக்கு முட்டு வலி பறந்துவிடும். மாடி ஏறி மெத்தையைத் தட்டிப் போடுவீர்கள். கீழே மெஷினை மிதித்துக்கொண்டே எனக்கு வயிறு எரியும்.

செத்தவர் சொத்துக்கு முன்பு வரி இருந்ததாம். எடுத்துவிட்ட அந்த வரி மறுபடி வருமோ என்று டிவியில் நாலு பேர் சண்டை போட்டார்கள். இருக்கும்போதே எழுதிவிடுவது என்று அன்றைக்கே முடிவு செய்தீர்கள். வீடு எனக்கு, தோப்பு அவளுக்கு. தென்காசியில் பத்திர எழுத்தர் என்னைக் காட்டி, இவங்க உங்களுக்கு என்ன வேணும் என்று கேட்டார். நீங்கள் யோசிக்கவே இல்லை, தங்கச்சி என்றீர்கள். அவரும் 'உடன்பிறந்த சகோதரி' என்று அடித்துவிட்டார்.

பதிவு அலுவலகத்தில் நம் இருவர் சான்றுகளையும் பார்த்த அதிகாரி, அப்பா பெயர் வேறு வேறாக இருக்கிறதே என்றார்.

"அப்பா வேறதான் சார். அதுக்காவ இவ என் தங்கச்சி இல்லன்னு ஆயிருமா?"

நின்றவர்கள் எல்லாரும் சிரித்தார்கள். நீங்களும் சிரித்தீர்கள். எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

பத்திரம் திரும்பி வந்தது. எழுத்தர் நிதானமாக விளக்கினார். குடும்பத்துக்குள் தானமாக எழுதினால் பதிவுச் செலவு குறைவு. வெளியாளுக்கு என்றால் முழுக் கட்டணம். போதாதற்கு வாங்குகிறவளிடம் வருமான வரியும் கேட்பார்கள். உயிலாக எழுதிவைத்தால் இன்றைக்கு அந்த வரி கிடையாது. உங்களுக்கு உயில் பிடிக்கவில்லை. "நான் செத்தாத்தான் உனக்குன்னு எழுதவா? அது என்னட்டி குடுக்கது?" என்று முணுமுணுத்தீர்கள். வேறு வழியில்லை. தோப்பு உடனே தானமாக அவள் பெயருக்குப் போனது. வீடு உயிலில் ஏறியது. உயிலில் நான் யார் என்று சொல்லவேண்டிய இடத்தில், 'எனக்கு உதவியாக இருந்துவருபவர்' என்று எழுதியிருந்தது.

நீங்கள் கண்ணை மூடியபிறகு, வாடகைக்கு வந்தவளுக்கு வீடே கிடைத்துவிட்டது, கொடுத்துவைத்தவள் என்று தெருவில் பேசிக்கொண்டார்கள். எனக்கோ அவள் பத்திரத்தில் 'உடன்பிறந்த' என்று இருப்பதுதான் கண்ணை உறுத்திக்கொண்டே இருந்தது. இப்போதும் உறுத்துகிறது.

இன்று பழத்தைப் பிளந்துகொண்டிருந்தவள் திடீரென்று கேட்டாள்.

"செலவு கம்மின்னுதான தோப்ப அக்கா எனக்கு எழுதுனா? உங்களுக்குன்னா எவ்ளோ அலைஞ்சிருக்கா. உங்களப் பாத்தா எனக்குப் பொறாமையா இருக்கு. அக்கா என்னப் பத்தி எதாவது சொல்லியிருக்காளா?"

சொல்லியிருக்கிறீர்கள். தோப்பை எழுதிவிட்டுத் திரும்பும்போது, ஆட்டோவில், என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னீர்கள். "உயில்னா நான் செத்தபொறவுதான வருவா. இப்பமே குடுத்தா, தோப்பப் பாக்கவாவது இங்கன வருவால்லா. எனக்கு அவ மொகத்தப் பாக்கணும்ட்டி."

அவள் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். கண் கலங்கியிருந்தது.

"ஒண்ணும் சொல்லலையேம்மா" என்றேன்.

இந்த வீட்டுச் சாவியைக் கேட்டிருந்தால்கூடக் கொடுத்திருப்பேன், அக்கா. இதைக் கொடுக்க எனக்கு மனசு வரவில்லை.