மூன்றாவது சர்வரின் சம்மதம்

நாள் 212, 10:05
நிலவின் தென்முனை நிலையம். எழுதுவது ஜெபஸ்டின், சர்வர் பொறுப்பாளன். இங்கே இருப்பது நானும் நிலையத் தலைவி கோமதி அக்காவும் மட்டும். அக்கா பாறை மாதிரிகள் எடுக்க வெளியே போயிருக்கிறார். இன்றைய வேலை: மூன்று சர்வர்களிலும், அவற்றை ஒரே குழுவாக இணைக்கும் பழைய கிளஸ்டர் மென்பொருளை நீக்கிப் புதியதை நிறுவுவது. காற்று, கதவு எல்லாம் இதன் கையில்தான். மூன்றில் இரண்டு சர்வராவது ஒத்துக்கொண்டால்தான் எதுவும் அசையும்.

10:40
விதிப்படி ஒருவர் படிகளை உரக்க வாசிக்க வேண்டும், மற்றவர் தட்டச்சு செய்ய வேண்டும். அக்கா ஒவ்வொரு வரியையும் இரண்டு தடவை வாசிப்பார். எனக்கு அவ்வளவு பொறுமை கிடையாது. தனியாகவே தொடங்கிவிட்டேன். முதல் சர்வரில் நீக்கியாயிற்று.

11:02
இரண்டாவதிலும் நீக்கினேன். உடனே அலாரம்.
நீக்குமுன் அந்தச் சர்வரின் பெயரைக் குழுப் பட்டியலிலிருந்து எடுக்க வேண்டும். இரண்டுக்குமே எடுக்கவில்லை. மூன்றாவது சர்வர் மற்ற இரண்டையும் இன்னும் தேடிக்கொண்டிருக்கிறது. தனி ஆளாக முடிவெடுக்க அதற்கு அனுமதி இல்லை. எல்லாவற்றையும் பூட்டிவிட்டது. வாசிக்க ஒருவர் இருந்திருந்தால் இந்த வரி தப்பியிருக்காது.

11:09
ரேடியோ, கோமதி: "எலே ஜெபா, வெளிக்கதவு தொறக்க மாட்டேங்கு. காத்து இருவது நிமிசத்துக்குத்தான் இருக்கு. என்னன்னு பாரு."
நான்: "சின்னக் கோளாறுக்கா. இப்ப சரியாயிரும்."
கதவைக் கையால் திருகித் திறக்கும் சக்கரமும் பூட்டிக் கிடக்கிறது. இரண்டாவது சர்வரில் புதியதை நிறுவப் பதினைந்து நிமிடம் ஆகும், எல்லாம் ஒழுங்காக நடந்தால்.

11:12
இன்னொரு வழியும் உண்டு. மூன்றாவது சர்வருக்குக் கட்டாயக் கட்டளை கொடுத்தால் அது தனியாகவே கதவைத் திறக்கும். ஆனால் அந்தக் கட்டளை அப்போதே பூமியில் பதிவாகும். போன மாதம்தான் ஓர் எச்சரிக்கை வாங்கினேன். இன்னொன்று வந்தால் அடுத்த கப்பலில் மூட்டை கட்ட வேண்டியதுதான். சத்தமில்லாமல் நிறுவிவிடலாம். நேரம் இருக்கிறது.

11:24
எழுபது சதவீதத்தில் நின்றுவிட்டது. பழைய மென்பொருளின் மிச்சம் எங்கோ ஒட்டிக்கொண்டிருக்கிறது. துடைத்துவிட்டு மறுபடி முதலிலிருந்து. காற்று இன்னும் ஐந்து நிமிடம்தான்; கட்டாயக் கட்டளைத் திரையைத் திறந்தேன், எச்சரிக்கையை நினைத்து மூடிவிட்டேன்.
கோமதி: "பதறாத. நான் உக்காந்துட்டேன், மூச்ச மெதுவா விடுதேன். நீ பாத்துச் செய்யி."
என்னைத் தேற்றுகிறார். என்னை.

11:31
நாற்பது சதவீதம். அக்கா பேசவில்லை. கூப்பிட்டேன். கூப்பிட்டுக்கொண்டே இருக்கிறேன்.

11:33
கட்டாயக் கட்டளை கொடுத்துவிட்டேன்.

12:20
அக்கா கதவில் சாய்ந்தபடியே உட்கார்ந்திருந்தார். உள்ளே இழுத்துப் போட்டு, நெஞ்சை அழுத்தி, காற்றுக் குழாய் வைத்து, எல்லாம் செய்து பார்த்தேன். நாடி திரும்பவில்லை. என்ன ஆயிற்று என்று பூமியிலிருந்து கேட்கிறார்கள். இந்தப் பதிவை அப்படியே அனுப்பப் போகிறேன்.
படிப்பவர்கள் கேட்பீர்கள், அதனால் நானே சொல்லிவிடுகிறேன். கட்டளை கொடுத்ததிலிருந்து கதவு திறக்க எவ்வளவு நேரமானது என்று பார்த்தேன்.
நான்கு நொடி.