ஸ்பீக்கருக்கு வைத்த ரசமட்டம்

ஜூலை 8, திங்கள்

மழை விடவில்லை. ஸ்பீக்கர் வந்துவிட்டது! ஒரு வாரம் வீட்டில் வைத்துக் கேட்கலாம், பிடித்தால் வாங்கலாம் என்று கொச்சிக் கடைக்காரர் அனுப்பியது. ஒவ்வொன்றும் நாற்பது கிலோ, என் நெஞ்சு உயரம். ஜீப்பிலிருந்து இறக்கப் பாண்டி வந்தான். சரிவில் நம் வீட்டுக்கு நேர் கீழே குடியிருப்பவன், ஏலத்தோட்டத்தில் மருந்தடிக்கிற வேலை.

“அண்ணே, இது பீரோவா பாட்டுப்பெட்டியா?”

அடியில் நாலு ஸ்பைக் ஆணி. பெட்டியின் தலையில் ரசமட்டம் வைத்து, குமிழி நடுவில் நிற்கும்வரை ஆணியைத் திருக வேண்டும். ஒரு மணி நேரம் ஆயிற்று. மனைவி செல்வி சிரித்தாள். பெட்டி சாய்ந்தால் பாட்டே சாய்ந்துவிடும் என்பது என் கட்சி.

பெண்குரல் ஒன்று போட்டேன். இரண்டு பெட்டிக்கும் நட்ட நடுவில் வந்து நின்று பாடினாள். இருபது வருட ஆசை. கண் கலங்கிவிட்டது.

ஜூலை 9, செவ்வாய்

மழை. பாடுகிறவள் ஒரு சாண் பள்ளத்துப் பக்கம் நகர்ந்திருக்கிறாள். குமிழி மலைப்பக்கம் ஒதுங்கியிருந்தது. புது ஆணி, டைல்ஸில் அமர்கிறது போல. பள்ளத்துப் பக்க ஆணிகள் கால் சுற்று. சரி.

வயலின் – அருமை. மிருதங்கம் – தொப்பி நல்ல உருண்டை. பேஸ் – அடியில் ஏதோ உறுமல். சுவரின் எதிரொலியா?

செல்வி: “ஏங்க, ரூம் கதவு சாத்த மாட்டேங்குது.” மழையில் மரம் ஊதத்தான் செய்யும். சீவ வேண்டும்.

ஜூலை 10, புதன்

மறுபடி அரைச் சுற்று. கடைக்காரருக்குப் போன் செய்தேன். ஆணி இரும்பு, இறங்க வழியில்லை என்கிறார். விற்கிறவன் வேறென்ன சொல்வான்.

மதியம் கரண்ட் இல்லை. உறுமல் மட்டும் நிற்கவில்லை. ஏலக்காய் உலர்த்தும் ஸ்டோரில் ஜெனரேட்டர் ஓடுகிறதோ என்னவோ.

பள்ளிக்கூடத்தில் கேம்ப் திறந்துவிட்டார்கள். மலை சரிந்து மண் உருண்டு வரும் உருள்பொட்டல் பயம். பாண்டி, பெண்டாட்டி, இரண்டு பிள்ளைகள் எல்லாரும் அங்கே. எங்களையும் கூப்பிட்டார்கள். இந்தப் பெட்டிகளை விட்டுவிட்டா?

ஜூலை 11, வியாழன்

காலையில் அரைச் சுற்று. வேலை முடிந்து கை துடைக்கும்போது பாண்டி வந்தான். கேம்ப்பில் பாய் ஈரம், சின்னவளுக்குக் காய்ச்சல்.

“ஊட்டுக்கே வந்துரலாமான்னு பாக்கேன். மேல மண்ணு எப்படிண்ணே இருக்கு?”

ஒரே பெருமை எனக்கு. பெட்டியின் தலையிலிருந்த ரசமட்டத்தைக் காட்டினேன். குமிழி நட்ட நடுவில்.

“தினமும் பாக்கறேன்டா. இம்மி அசையல.”

அவன் குனிந்து குமிழியையே பார்த்தான். முகம் தெளிந்து போனான்.

ஊற்றுக் குழாயில் தண்ணீர் செம்மண்ணாய் வருகிறது. அரிசி களையக்கூட ஆகாது என்கிறாள் செல்வி.

ஜூலை 12, வெள்ளி

முக்கால் சுற்று. எரிச்சல். கதவை இரண்டாம் முறை சீவினேன். ஜன்னல் மூலையில் பெயிண்ட் கீறல்.

கீழே பாண்டி வீட்டில் அடுப்புப் புகை. எல்லாரும் வந்துவிட்டார்கள். பெரியவன் டயர் உருட்டுகிறான்.

குழாயில் தண்ணீர் நின்றுவிட்டது. மழை கொட்டுகிறது, ஊற்று வற்றியிருக்கிறது. ஏன்? யோசிக்கப் பிடிக்கவில்லை. பாட்டுப் போட்டேன். மனம் ஒட்டவில்லை.

ஜூலை 13, சனி, பகல் மூன்று மணி

மழை லேசாக. காலையில் அரைச் சுற்று. இனி இந்தப் பெட்டி வேண்டாம் என்று கடைக்காரருக்கு எழுத உட்கார்ந்தேன். குற்றப்பத்திரிகை மாதிரி திருகியதை எல்லாம் வரிசையாகக் குறித்தேன். கால், அரை, அரை, முக்கால், அரை. இரண்டரைச் சுற்று. இரண்டு பெட்டியிலும் ஒரே அளவு. எல்லாம் பள்ளத்துப் பக்க ஆணி. ஒரு நாள்கூட மலைப்பக்கம் இல்லை.

ரசமட்டத்தை எடுத்து வெறும் தரையில் வைத்தேன். ஆறு நாளில் முதல் முறை. குமிழி மலைப்பக்கம் ஓடி ஒட்டிக்கொண்டது. ஹால், சமையலறை, ரூம், எங்கே வைத்தாலும் அப்படித்தான். ஆணி திருகிய கணக்கில் அடிக்கு மூன்று மில்லிமீட்டர் சாய்வு. முப்பதடி வீட்டுக்கு மூன்றரை அங்குலம்.

ஆணி இறங்கவில்லை. வீடு இறங்குகிறது. தினமும் காலையில் ஆணியைத் திருகித் திருகி அதை என் கண்ணிலிருந்து நானே மறைத்திருக்கிறேன். மடையன்.

செல்வியிடம் சொன்னேன். துணி எடுத்து வைக்கிறாள்.

பாண்டிக்குப் போன். உடனே மேல் ரோட்டுக்கு ஏறி வா, பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு வா என்றேன். சிரிக்கிறான்.

“என்னண்ணே இப்படிப் பயப்படுதீக? நானே பாத்தேனே, குமிழி நடுவுல நின்னுச்சே. பாப்பா இப்பத்தான் கண்ணசந்திருக்கா.”

“அது பெட்டிடா பாண்டி, தரை இல்ல!”

“சரிண்ணே, காலைல பாப்போம்.” வைத்துவிட்டான். திரும்ப அடித்தால் எடுக்கவில்லை.

அவனைக் கேம்ப்பிலிருந்து கூட்டி வந்தது மழையும் இல்லை, காய்ச்சலும் இல்லை. நான்தான்.

உறுமல் இப்போது காலில் தெரிகிறது. செல்வியைக் காரோடு மேல் ரோட்டுக்குப் போகச் சொல்லிவிட்டேன். என் வாயை இனி அவன் நம்ப மாட்டான், குமிழியைத்தான் நம்புவான். அவன் வீட்டுத் தரையில் வைத்துக் காட்ட ரசமட்டத்தை எடுத்துக்கொண்டு கீழே இறங்குகிறேன்.