மாடியில் ஏற ஒரு வழி

சாய்ந்தமருது
04.06.2024

ஆகிலா,

அஸ்ஸலாமு அலைக்கும். போனில் என்னைத் தடுத்து வைத்திருக்கிறாய். அதனால் என் கூடப்பிறந்த ஸைனம்பு ராத்தாவிடம் இதைக் கொடுத்தனுப்புகிறேன்.

உன் மொட்டைமாடியில் என் சூரியக்கலங்கள் இருக்கின்றன. செவ்வரத்தைப் பூச்சாயம் ஊறிய கண்ணாடிகள், பிளாட்டினத்துக்குப் பதிலாக உமிக்கரி பூசியவை. அந்தக் கரி எத்தனை மாத வெயில் தாங்கும் என்பதுதான் என் ஆராய்ச்சியே. அவற்றை அசைக்காதே. அளவெடுக்க என் உதவியாள் முஹ்ஸின் வருவான், கதவைத் திறந்துவிடு. வேறு கதைக்க ஒன்றுமில்லை.

ஹாதிக்

மருதமுனை
06.06.2024

ஹாதிக் அவர்களுக்கு,

வஅலைக்குமுஸ்ஸலாம். காதியார் முன் தலாக் சொன்னது நீங்கள். நான் இப்போது இத்தாவில், தலாக்குக்குப் பிந்திய மூன்று மாதக் காத்திருப்பில், இருக்கிறேன். அது முடியும்வரை அந்நிய ஆண் யாரும் இந்தப் படி ஏற முடியாது. முஹ்ஸினும்தான், நீங்களும்தான். தலாக் சொல்லுமுன் கண்ணாடிகளை இறக்கிக்கொண்டு போயிருக்கலாமே!

இரண்டு வருடம் என் குசினியில் உமி எரித்தீர்கள். சோற்றில்கூடப் புகை மணம். "இது என்ட வீடு, வெளியே போங்க" என்று ஒருநாள் வாய்விட்டேன். உம்மா எனக்குக் கட்டித்தந்த வீடுதானே? அந்த ஒரு சொல்லுக்குத் தலாக்கா?

கலங்களுக்கு நன்றாக வெயில் படுகிறது. கவலைப்படாதீர்கள்.

ஆகிலா

சாய்ந்தமருது
15.06.2024

ஆகிலா,

உன் நக்கல் போதும். கிழமைக்குக் கிழமை அளவெடுக்காவிட்டால் என் வேலை எல்லாம் வீண். மௌலவியிடம் கேட்டேன். இத்தா முடியுமுன் உன்னை நான் மீட்டுக்கொள்ளலாம், புது நிக்காஹ் தேவையில்லையாம். அப்படியே செய்துவிடுவோம். பிறகு நான் மாடியில் ஏறினால் யார் என்ன கேட்பது? உடனே பதில் அனுப்பு.

ஹாதிக்

மருதமுனை
16.06.2024

மச்சான்,

மீட்டுக்கொள்ளலாம் என்று வாசித்ததும் வெட்கமில்லாமல் அழுதுவிட்டேன். ஸைனம்பு மதினியும் பார்த்துவிட்டார். அதற்குள் அடுத்த வரியிலேயே மாடி வந்துவிட்டது. என்னை ஏணியாக்கப் பார்க்கிறீர்களே, கொஞ்சமும் கூச்சமில்லையா?

நானே ஏறி எல்லாவற்றையும் இறக்கினேன். கண்ணாடிக்குக் கண்ணாடி துணி வைத்துப் பெட்டியில் மதினியிடம் கொடுத்திருக்கிறேன். ஒன்றும் உடையவில்லை. இனி மாடியில் உங்களுக்கு எதுவுமில்லை, கீழே நான் மட்டும்தான். இப்போதும் மீட்கும் எண்ணம் இருந்தால் எழுதுங்கள்.

ஆகிலா

சாய்ந்தமருது
21.06.2024

ஆகிலா அவர்களுக்கு,

பெட்டி கிடைத்தது. ராத்தா வீட்டு மாடியில் பொருத்திவிட்டோம். கரி உரியவில்லை, வோல்ட்டும் இறங்கவில்லை. சுற்றியிருந்த துணிகளைத் துவைத்து அனுப்பியிருக்கிறேன்.

தலாக்கைப் பதிந்து முடிக்க, உங்கள் இத்தா முடியும் நாளைக் காதியாருக்கு அறிவித்துவிடவும்.

எம். ஏ. ஹாதிக்